அவிழ்த்த காப்பு

போடிநாயக்கனூர்
4-4-79

அன்பு மகன் காமராஜுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் இங்கே நலம், பம்பாய்த் தண்ணீர் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மறைக்காமல் எழுது. உன் கடிதம் கிடைத்தது. கோயில் வாசலில் விழுந்து தப்பென்று சொல்லிவிடு, ஊரைப் பகைக்காதே என்று எழுதியிருக்கிறாய். சித்தப்பா சொன்னதை மட்டும் நம்பி எழுதிவிட்டாய், நடந்ததை நான் சொல்கிறேன் கேள் அப்பு. உனக்கு மஞ்சள்காமாலை கண்டபோது அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன் அல்லவா, அதற்குத்தான் பங்குனி முதல் செவ்வாய் காப்புக் கட்டி இருபத்தொரு நாள் விரதம் தொடங்கினேன். மறுநாளே போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்பு ஒன்று நம் களத்துக்கு எதிரே நின்றது. உள்ளே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் வீரலட்சுமி பிரசவ வலியில் துடிக்கிறாள், ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது. காப்புக் கட்டினவள் பிரசவத் தீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் ஏறினேன். பிள்ளையை இந்தக் கையில்தான் வாங்கினேன். தொப்புள்கொடியைக் கட்ட நூல் வேண்டும், ஜீப்பில் எண்ணெய்த் துணியும் அழுக்குச் சாக்கும்தான் கிடந்தன. என் காப்பை அவிழ்த்து, அதிலிருந்த மஞ்சள் கிழங்கை மடியில் முடிந்துகொண்டு, அந்தக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கொடியை ஆஸ்பத்திரி நர்சம்மா அறுத்தாள். தாயும் பெண்பிள்ளையும் சுகம்.

பூசாரி சோலைமலை வீட்டுக்கே வந்து, அம்மன் கயித்தத் தீட்டுல கட்டிப்புட்டியே, இனி ஒன் நேர்த்தி செல்லாது, வெரசா வந்து விழுந்து கும்பிடு என்றார். ஆத்தா ஆத்தான்னு கூப்பிடுறீகளே, ஆத்தாளுக்கா பிரசவம் தீட்டு என்று கேட்டேன். துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நேர்த்தி முறிந்து உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் கோபம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணைச் சாகவிட்டால்தான் என் மகனைக் காப்பேன் என்கிற சாமி நான் கும்பிட்ட சாமி இல்லை. நான் கும்பிட்டவள் எனக்கு முன்னாலேயே அந்த ஜீப்பில் ஏறியிருப்பாள். அதனால் விழமாட்டேன். வருகிற செவ்வாய் வெறும் மணிக்கட்டோடு தீச்சட்டி எடுக்கிறேன், மறிக்கிறவர்கள் மறிக்கட்டும். அப்பா சட்டிக்கு வேப்ப விறகைச் சின்னதாக வெட்டிக் காயப்போட்டிருக்கிறார்.

நீ நோய்நொடியில்லாமல் நீண்டநாள் இரு. எண்ணெய்ப் பலகாரம் தொடாதே, மோர் நிறையக் குடி. காப்பில் இருந்த மஞ்சள் கிழங்கை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். தீட்டு என்று நினைத்தால் கடலில் போட்டுவிடு, இல்லையென்றால் ஒரு கயிற்றில் கோத்துக் கையில் கட்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுருளியம்மாள்