பிடித்ததைக் கொடுங்கள்

12-8-1974, திங்கள்

கல் செதுக்கியே அண்ணனின் நுரையீரல் கெட்டுவிட்டது. இன்று அண்ணியும் நானும் அவரைச் செங்கல்பட்டு டாக்டரிடம் காட்டினோம்.

"சத்து இல்லன்னா மூச்சு இழுக்கவே தெம்பு இருக்காது. கஞ்சி போதாது. மீன், முட்டை, பிடிச்சதெல்லாம் குடுங்க. வயிறு முட்ட வேணாம், கொஞ்சம் கொஞ்சமா" என்றார்.

மகாபலிபுரம் வரை அண்ணி பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்தியபடியே வந்தார். இறங்கியதும் என்னிடம் மெதுவாக, "எங்க நைனாவுக்கும் இப்டித்தான் சொன்னாங்கோ, புடிச்சத குடுன்னு. அந்த வாரமே பூட்டாரு" என்றார்.

இருமலுக்குப் பத்தியம் என்று இத்தனை மாதமும் கஞ்சியே ஊற்றியவர். டாக்டர் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை என்று சத்தம் போட்டேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்தார்.

அண்ணன் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாகப் பிசைந்து சாப்பிட்டார். வழக்கமாகச் சாப்பிடும்போது மூச்சு வாங்கும்; இன்று வாங்கவில்லை. விரலை நக்கிக்கொண்டே அண்ணியிடம், "இன்னாத்துக்கு அழுதுகினு கீற? நாளிக்கு இன்னா மீனு?" என்றார்.

அண்ணி என் பக்கம் திரும்பி, "தம்பி, காலைல கரைக்கு நீ போ. நான் போனா அங்கியும் அழுவேன்" என்றார்.

அந்த டாக்டர் அதை எப்படிச் சொன்னார், என்ன முகத்தோடு சொன்னார் என்று எனக்கே இப்போது... வேண்டாம். விடிந்ததும் கரைக்குப் போக வேண்டும்.