சந்தனம் பட்ட பெடல்

அன்புள்ள சேகர் அண்ணா,

இதை யாரிடமும் காட்டிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். நீ இருக்கும் இடத்தில் உன்னோடு யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் வேண்டாம்.

இன்றைக்கு நான் எழுதவே கூடாது. சரஸ்வதி பூஜை. என் புத்தகம், பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் பூஜையில் அடுக்கியாகிவிட்டது. நாளைக் காலை எடுக்கும் வரை எதையும் தொடக்கூடாது என்பது உனக்கே தெரியும். ஜன்னலில் கிடந்த துண்டுப் பென்சிலும் போன மாதக் காலண்டர் தாளின் பின்பக்கமும்தான் கையில் கிடைத்தன.

எழுதுவதுகூடப் பெரிய தப்பில்லை. கிடார் வாசிக்கும்போது காலால் அழுத்துவாயே, அந்த வா-வா பெடலைப் பூஜையிலிருந்து எடுத்துவிட்டேன். அப்பாவின் டூல் பாக்ஸைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துவிட்டேன். அதன் கைப்பிடியில் அம்மா வைத்த குங்குமம் என் கையில் ஒட்டிக்கொண்டது. இரண்டும் இப்போது அடுக்களைத் தரையில் என் முன்னால் கிடக்கின்றன. கதவைத் தாழ் போட்டிருக்கிறேன். அப்பா கூடத்தில் தூங்குகிறார். தூங்குகிறார் என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்பாய். முதலிலிருந்து சொல்கிறேன்.

போன வருஷம் நம் வீட்டில் எந்தப் பண்டிகையும் இல்லை. ஆடி மாதக் கச்சேரி முடிந்து நீயும் உன் குழுவும் திரும்பி வந்த வேன், பூந்தமல்லிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த லாரியில் மோதியது. டிரம்ஸ் மணி அண்ணனுக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. நீ மட்டும் வரவில்லை. ஆனால் உன் கிடாரும் பெடலும் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்தன. அப்பாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை என்று எனக்குத் தோன்றும். இரண்டையும் பெட்டியில் வைத்து, பழைய புடவையைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி பீரோ மேல் ஏற்றினார். "இது இனி இந்த வீட்டுல சத்தம் போடக் கூடாது" என்றார். அதற்கப்புறம் அவர் உன் பேரையே சொல்லவில்லை அண்ணா.

இந்த வருஷம் பூஜைக்கு அம்மாதான் ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பெட்டியை இறக்கினாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். கிடாரைச் சுவரில் சாய்த்து, அதன் கீழே என் புத்தகங்கள், பக்கத்தில் அப்பாவின் டூல் பாக்ஸ், முன்னால் உன் பெடல். கற்பூரம் காட்டும்போது பெடலுக்கு நேராக அப்பாவின் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பி அம்மாவிடம், "பூஜையில வெச்சத மறுநாள் எடுத்து வேல செய்யணும்ல்லா? இங்க யாரு இருக்கா செய்ய? நாளைக்கு வாசிக்கத் தெரிஞ்ச யாருக்காவது குடுத்துருவோம்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசிக்கத் தெரிந்த ஆள் இதே வீட்டில் இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

ஆமாம் அண்ணா, நான் வாசிக்கிறேன். ஏழு மாதமாக. அப்பாவுக்கு செகண்ட் ஷிப்ட் இருக்கும் வாரங்களில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியை இறக்குவேன். அப்பா போட்ட முடிச்சை அதேபோலத் திரும்பப் போடப் பழகவே ஒரு வாரம் ஆனது. சத்தம் வர, பழைய ரேடியோவின் பின்னால் நீ பொருத்திய சாக்கெட்டில்தான் வயரைச் செருகுகிறேன். அம்மா ஒரு நாளும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஆனால் நான் முதல் கம்பியைத் தட்டியதும் அடுக்களையில் கிரைண்டரைப் போட்டுவிடுவாள், அக்கம்பக்கத்தில் கேட்கக் கூடாதென்று. அந்த வாரங்களில் நம் வீட்டில் மாவு தீர்ந்ததே இல்லை. இட்லியைக் கண்டாலே எனக்கு இப்போது சங்கதிகள் ஞாபகம் வருகின்றன.

முதல் மாதம் நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். வாசித்து முடித்து, வயரைப் பெடலிலேயே விட்டுவிட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டேன். அடுத்த தடவை எடுத்தால் உயிரே இல்லை. வயர் செருகியிருந்தால் வாசிக்காவிட்டாலும் பேட்டரி தீரும் என்பது எனக்கு எங்கே தெரியும்? மார்க்கெட்டில் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் சொன்ன பிறகுதான் புரிந்தது. புது பேட்டரி போட அடித்தகட்டைக் கழற்றினேன். உள்ளே பேட்டரி ஆடாமல் இருக்க ஒரு துணியை மடித்து வைத்திருந்தாயே, அது என் பள்ளிக்கூடத்து நீல ரிப்பன். அந்த ரிப்பனுக்காகப் பக்கத்து வீட்டு கீதாவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன், திருடா.

அந்தப் பெடல் நான் தேர்ந்தெடுத்தது என்பது உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஷூ வாங்க மவுண்ட் ரோடுக்குக் கூட்டிப் போனாய். ஷூ கடைக்கு முன்னால் இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்துவிட்டாய். அங்கே இரண்டு இருந்தன. ஒன்று புதுசு, கண்ணாடிபோல மின்னியது, பக்கத்தில் இரண்டு திருகு வேறு. இன்னொன்று யாரோ விற்றுவிட்டுப் போன கறுப்புப் பெடல், அம்மிக்கல் கனம். உன் கண் புதுசிலேயே இருந்தது. இரண்டு தடவை மாற்றி மாற்றி வாசித்துவிட்டு, உனக்கே உன்மேல் சந்தேகம் வந்து என்னைக் கூப்பிட்டாய். "திரும்பி நின்னுக்கோ. பார்க்காதே. எது பேசுது, எது கத்துதுன்னு மட்டும் சொல்லு."

நான் சுவரைப் பார்த்து நின்றேன். முதலாவது, மூடிய வாயைப் படக்கென்று திறந்து கத்தியது. நடுவில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது, தூங்கி எழுந்த குழந்தை வாயைத் திறப்பதுபோல மெதுவாகத் திறந்தது. உன் கால் எங்கே நின்றாலும் அங்கே ஒரு குரல் இருந்தது. இரண்டாவதுதான் பேசுகிறது என்றேன். திரும்பிப் பார்த்தால் அது கறுப்பு. "ஷூ வாங்க வந்த பாப்பா பெடல் வாங்கிக் குடுக்குது" என்று கடைக்காரர் சிரித்தார். நீ ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாய். கோயில் மேடையில் செருப்புப் போட முடியாதே. ரப்பர் வழுக்கவில்லை என்றதும் முடிவு செய்துவிட்டாய். எனக்கு ஷூ அடுத்த மாதம்தான் வந்தது. இப்போது நானும் வெறுங்காலில்தான் அழுத்துகிறேன்.

என்ன கெட்ட பழக்கம் என்றால், என் கால் தாளத்துக்கு ஆடும். அடிக்கு ஒரு தடவை பெடலும் ஆடும். பாட்டு முழுக்க வாத்து கத்துவதுபோல இருக்கும். நீ வாசிக்கும்போது எப்படி இருக்கும் என்று கண்ணை மூடி யோசித்தேன். உன் கால் பாதி நேரம் அசையவே அசையாது. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, மூக்கால் பாடுவதுபோல வைத்திருப்பாய். ஒரு சுரம் முழுதாக மலரும் இடத்தில் மட்டும் குதிகாலிலிருந்து விரல்வரை மெல்ல இறக்குவாய். நான் கூடத்தில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதியபடி உன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

போன மாதம் மணி அண்ணன் நூம்பலிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்தார். கிரைண்டர் சத்தத்தையும் மீறி வாசலில் அவருக்குக் கேட்டுவிட்டது. உள்ளே வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நிறுத்திவிட்டேன். முறிந்து கூடிய கையைத் தடவிக்கொண்டே, "பாப்பா, காலால தாளம் போடாத. தாளத்துக்குதான் நான் கீறேன்ல" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

நாளைச் சாயங்காலம் நம் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் விஜயதசமிக் கச்சேரி. உங்கள் குழுதான். நான் ஒரே ஒரு பாட்டுக்கு வாசிக்கட்டுமா என்று அன்றைக்கே அவரிடம் கேட்டேன். நீ கடைசியாக இங்கே வாசித்த பாட்டு. மணி அண்ணன் யோசித்து, "உங்க நைனாகிட்ட கேட்டுகினு வா. அவரு சரின்னா ஏத்தறேன். அவருக்குத் தெரியாம உன்ன மேடைல ஏத்துனா நான் மனுசனே இல்ல" என்றார்.

கேட்டுவிட்டேன், சரி என்று சொன்னார் என்று மறுநாள் அவரிடம் பொய் சொன்னேன்.

இப்போது உனக்கு என் பயம் புரிகிறதா? அப்பா நாளைக்குக் கிடாரைக் கொடுத்துவிடுவார். கொடுக்காவிட்டாலும், மேடையில் என்னைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார். மணி அண்ணன் முகத்தில் அதற்கப்புறம் நான் எப்படி முழிப்பது?

இதோடு சந்தனமும் சேர்ந்துகொண்டது. அம்மா எப்போதும் செய்வதைத்தான் இன்றைக்கும் செய்தாள். மிக்சி, தையல் மெஷின், டூல் பாக்ஸ் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, தண்ணீராகக் கரைத்த சந்தனத்தை அள்ளி வைத்தாள். பெடலின் மிதிகட்டைக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதே, அதன்மேலேயே மூன்று விரலால் ஒரு பட்டை. நடுவில் குங்குமம். சந்தனம் உள்ளே வழிவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இதேதான் நடந்தது. மறுநாள் மேடையில் உன் கால் அசையும்போதெல்லாம் ஸ்பீக்கர் கரகரவென்று இருமியது. "சாமி உள்ள பூந்துகிச்சுடா" என்று மணி அண்ணன் மைக்கிலேயே சொல்லி மைதானமே சிரித்தது. நீ வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை போட்டாய். அம்மா கேட்கவா போகிறாள்?

நாளைக்கு அது கரகரக்கக் கூடாது. காய்ந்து போவதற்குள் துடைக்க வேண்டும். அதனால்தான் எடுத்தேன். பாவம் என்றால் என் தலைமேலேயே இருக்கட்டும்.

நான்கு ஸ்க்ரூவும் கழற்றியாகிவிட்டது. மிதிகட்டை அசையும்போது உள்ளே ஓடும் பல் பட்டையிலும், அது சுற்றும் சின்னச் சக்கரத்திலும் சந்தனம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. ஊசி போடும்போது தடவுவார்களே, அந்த ஸ்பிரிட்டைப் பழைய ரிப்பனின் ஒரு முனையில் நனைத்துத் துடைத்தேன். சக்கரம் திருப்பும் கண்ட்ரோலில் இரண்டு சொட்டு விட்டு முன்னும் பின்னும் ஆட்டினேன். இப்போது நறநறப்பு இல்லை, எண்ணெய் போட்டதுபோலப் போகிறது. ஆனால் ஸ்பிரிட் வாசனை அடுக்களையைத் தாண்டிப் போய்விட்டது. ஜன்னலைத் திறந்தும் பிரயோஜனம் இல்லை.

கூடத்தில் கட்டில் கிரீச்சிட்டது. கொஞ்சம் இரு.

ஒன்றும் இல்லை. ஆனால் இருமல் கேட்டது. விழித்துத்தான் இருக்கிறார்.

இத்தனை நேரம் எழுதியதில் ஒன்று தெளிவாகிவிட்டது. விடிந்ததும் அப்பாவிடம் நானே கேட்கப் போகிறேன். பீரோவின் மேலிருந்து எத்தனை தடவை இறக்கினேன், முடிச்சை எப்படிப் போட்டேன், மணி அண்ணனிடம் என்ன பொய் சொன்னேன், எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்பேன். அவர் மாட்டேன் என்றால் நானே நூம்பலுக்கு பஸ் ஏறிப்போய் மணி அண்ணனிடம் உண்மையைச் சொல்வேன். மேடை ஏற மாட்டேன். ஆனால் கிடாரை யாருக்கும் கொடுக்க விட மாட்டேன். பூஜையில் வைத்ததை எடுத்து வேலை செய்ய இந்த வீட்டில் ஆள் இருக்கிறது. கூடத்தில் அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு பாட்டாவது வாசிப்பேன், கிரைண்டர் இல்லாமல்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து கொடுக்கிறேன் அண்ணா. அடுத்த வருஷப் பூஜையில் பெடல் இதே இடத்தில் இருக்கும். அதற்குச் சந்தனம் நான்தான் வைப்பேன். மேலே, ரப்பரில், ஒரே ஒரு பொட்டு. உள்ளே இறங்கா

கதவைத் தட்டுகிறார். அப்பாதான். மறுபடியும்.

பெடலை ஒளிக்கவில்லை அண்ணா. ஸ்க்ரூ டிரைவரையும்தான். திறக்கப் போகிறேன்.

உன் தங்கச்சி