வாண்டுவின் கோட்டும் என் வலது காலும்

டிசம்பர் 3

நீலக் கோட்டு இன்று காலமானது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வயிற்றுக்குக் கீழே கட்டும் வாரை வாண்டு கடித்துத் துப்பிவிட்டு, பெரிய வேலையை முடித்தவன் மாதிரி அதன் மேலேயே படுத்துத் தூங்குகிறான்.

நாய்க்குட்டிக்கு எதற்குக் கோட்டு என்று கீழ் வீட்டுக்காரர் சிரிக்கிறார். இவன் உடம்பில் ரோமம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. போன மாதம் நெஞ்சில் சளி கட்டி ஊசி போட்டோம். கோட்டு இல்லாமல் இந்தக் குளிரில் வெளியே விடக்கூடாது என்று நாய் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாண்டு வெளியே போகாவிட்டால் என் வீட்டுக்காரரும் போக மாட்டார். அதுதான் என் கவலை. இதயத்தில் அடைப்பு எடுத்த பிறகு, தினமும் காலையில் நடந்தே ஆகவேண்டும் என்பது இவருடைய டாக்டரின் உத்தரவு. "தனியா நடந்தா வேலைவெட்டி இல்லாதவன் மாதிரி இருக்கு. நாய் இருந்தா ஒரு காரணம் இருக்கு" என்பது இவருடைய கட்சி. நான் கூடப் போகலாம் என்றால், எனக்கு விடிந்தும் விடியாததுமாக முதல் டிரைவிங் வகுப்பு.

ஆக, என் வீட்டுக்காரருடைய இதயம் ஒரு நாயின் வயிற்று வாரில் தொங்குகிறது. தொங்கட்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் ஆளுக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தப் பொடியன் எம்மாத்திரம்.

டிசம்பர் 5

புது வார் தைத்தாயிற்று, இரட்டைத் தையல். அதன் மேல் கசப்பு மருந்தும் அடித்திருக்கிறேன். "ஒரு தடவை நக்கினா அப்புறம் கிட்டயே வராதும்மா" என்றார் கடைக்காரர்.

டிசம்பர் 6

நக்கினான். பிடித்துப்போயிற்று. பாட்டிலைக் கையில் எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு வருகிறான்.

டிசம்பர் 9

ஊசிக்குப் போன இடத்தில் டாக்டரம்மாவிடம் முறையிட்டேன். "கடிச்சா நீங்க கண்டுக்காதீங்க. கோட்டு போட்டிருக்கும்போது விளையாட்டுக் காட்டுங்க, தீனி குடுங்க. பக்கத்துல ஆள் இல்லாதப்போ கழட்டி வச்சிடுங்க" என்றார்.

நல்ல அம்மாதான். ஆனால் கண்டுகொள்ளாமல் இருந்தால் கோட்டு மிஞ்சுமா? பயிற்சிக் காரில் என் பக்கம் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. ஓட்டுகிறவர் தப்புச் செய்வதற்கு முன்னாலேயே என் வலது கால் அங்கே போய் நிற்கும். இத்தனை வருஷத்தில் என் கார் ஒரு பூனையைக்கூட உரசியதில்லை. கண்டுகொள்ளாமல் இருந்தா இந்தப் பேரை வாங்கினேன்?

அதனால் என் வழி இதுதான்: வாரில் வாய் வைத்த அடுத்த நொடி ஓடிப்போய்ப் பிடுங்கவேண்டும். ஒரு தடவைகூட விடக்கூடாது. இவரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

டிசம்பர் 12

அடுப்படியிலிருந்து ஓடுகிறேன், துணி உலர்த்தும் இடத்திலிருந்து ஓடுகிறேன். இவர் சோபாவில் சாய்ந்துகொண்டு, "டாக்டர் என்னைத்தானே நடக்கச் சொன்னார்?" என்கிறார். பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. நேற்றும் இன்றும் நடைக்குப் போகவில்லை. வாண்டு சப்பிச் சப்பிக் கோட்டு ஈரமாம்.

டிசம்பர் 14

கேஷியரம்மா வந்தார். வங்கி திறப்பதற்கு முன் வந்து கற்றுக்கொண்டு போகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. கண்ணாடி பார்க்கிறார், கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது, ஸ்டீரிங்கில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. வேகத்தடை வந்தால் மட்டும் கால் எங்கோ போய்விடுகிறது. நான்தான் அழுத்துகிறேன். தேர்வில் பக்கத்தில் உட்காருகிற அதிகாரி அழுத்துவாரா? இவரைத் தேற வைக்காமல் விடமாட்டேன், அது வேறு விஷயம்.

டிசம்பர் 16

இப்போதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இவர் உடனே கிளம்பட்டும் என்று, நான் புறப்படும்போதே வாண்டுவுக்குக் கோட்டை மாட்டிவிட்டுப் போனேன். பாதி வகுப்பில் இவரிடமிருந்து போன். "வாரை முழுங்கிட்டான். பாதியைக் காணோம்." கேஷியரம்மாவைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு நேரே டாக்டரம்மாவிடம் போனேன். வாசல் பெஞ்சில் இவர், குட்டியைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு. ஓடியே வந்திருக்கிறார். முகமெல்லாம் வேர்வை, உதடு வெளுத்துக் கிடக்கு. நான் யாரைப் பார்க்கிறது? நாயையா, இவரையா? ஓடலாமா நீங்க? அறிவு வேணாமா? நடுரோட்டுல விழுந்திருந்தா நான் என்ன பண்ணுவேன்—

எல்லாவற்றையும் சத்தமாகவே கேட்டுவிட்டேன். இவர் குட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். வார் வந்துவிட்டது. குடலில் சிக்கியிருந்தால் வயிற்றைத்தான் கிழிக்கவேண்டி இருந்திருக்குமாம். எப்படி முழுங்கினான் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, இவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இவ சொன்ன மாதிரியே ஓடிப்போய்ப் பிடுங்கினேன். பிடுங்கவும் முழுங்கிட்டான்."

"பிடுங்க வந்தா முழுங்கத்தான் செய்வான்" என்றார் டாக்டரம்மா.

டிசம்பர் 17

விஷயம் தெரிந்து ஓரகத்தி போன் செய்தாள், இவருடைய தம்பி மனைவி. "எங்க வீடு முழுக்க ஹீட்டர் இருக்குக்கா. கோட்டே வேணாம். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்." நல்ல மனசோடுதான் சொல்கிறாள்.

இவரிடம் சொன்னேன். "அனுப்பிடு" என்றார். தட்டில் போட்ட ரொட்டி அப்படியே இருந்தது. நடையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. நாய் போனால் இந்த மனிதர் சோபாவை விட்டு எழுந்திருக்கப்போவதில்லை. எனக்குத் தெரியாதா.

டிசம்பர் 19

இன்று ஒன்று பிடிபட்டது.

ஆஸ்பத்திரித் தெருவில் கேஷியரம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். எதிரே வேகத்தடை. அவர் சாலையைப் பார்க்காமல் சட்டென்று கீழே குனிந்து பார்த்தார். என் காலை.

"ரோட்டைப் பாருங்கம்மா. என் காலைப் பார்த்து என்ன ஆகப்போகுது?"

"நீங்க போட்டுடுவீங்களே" என்றார், சாதாரணமாக. "உங்க கால் நகர்றதைப் பார்த்தாத்தான் எனக்குத் தடை வருதுன்னே தெரியும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கால் பிரேக்கை அழுத்தியிருந்தது.

சாயங்காலம், கோட்டில் வாரை மறுபடியும் தைத்து வாண்டுவுக்கு மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் வாரை நோக்கிக் குனிந்தான். குனிந்தவன் நின்றான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே வாயில் கவ்வினான். கடிக்கவில்லை, கவ்விக்கொண்டு காத்திருந்தான் — எப்போ ஓடி வருவே என்று.

அடப்பாவி. நான் ஓடி வருவதுதான் இவனுக்கு விளையாட்டே.

இரண்டு கால்களையும் நாற்காலிக்குக் கீழே மடக்கிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். முழுங்கிட்டான்னா? கையெட்டும் தூரத்தில் இருந்த வாரின் நுனியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வார் தானாகவே விழுந்தது. ஒரு பிஸ்கட் துண்டு கொடுத்தேன். டாக்டரம்மா அன்றைக்கே சொன்னதுதான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

டிசம்பர் 20

இந்த வேலைக்கு என்னைவிட இவர்தான் லாயக்கு. கோட்டை மாட்டிவிட்டு, ரப்பர் எலும்பை வாண்டுவின் பக்கம் உருட்டிவிட்டு, வாய் வைத்தால் கண்டுகொள்ளாமல் பேப்பர் படிக்கிறார். சாப்பாடு கோட்டோடு. வகுப்புக்கு நான் போய், இவரும் குளிக்கப் போனால் கோட்டு ஆணிக்குப் போய்விடும். "சும்மா இருக்கிறதுல நான் பட்டம் வாங்கினவன்" என்றார். ரொம்ப நாள் கழித்து அந்தச் சிரிப்பு.

டிசம்பர் 22, ஞாயிறு

ஓரகத்தி கூடையோடு வந்துவிட்டாள். உள்ளே மெத்தைகூடப் போட்டிருந்தாள்.

டீ போட்டேன். வாண்டு கோட்டோடு நடு வீட்டில் வந்து நின்றான். புது ஆள், புது ரசிகை. அவளைப் பார்த்துக்கொண்டே வாரை மெதுவாகக் கவ்வினான். "அக்கா, கடிக்கிறான்க்கா" என்று அவள் எழுந்தாள். "உக்காரு, டீ ஆறுது" என்றேன். இவர் பேப்பரைத் திருப்பினார். பேப்பர் தலைகீழாக இருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தபடி டீ குடித்தோம். வாண்டு வாரை விட்டுவிட்டு, வந்தவளின் செருப்பை மோந்து பார்க்கப் போனான்.

"கூடையை எடுத்துட்டுப் போம்மா. அவன் இங்கேயே இருக்கட்டும்" என்றேன். இவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான், வேறெதற்கு.

டிசம்பர் 27

கோட்டுப் பிரச்சினை தீர்ந்த மாதிரிதான். நடைப் பிரச்சினை தீரவில்லை. காலையில் நான் எழுப்பி, சாக்ஸை எடுத்துக் கொடுத்து, கதவு வரை தள்ளினால் தெருமுனை வரை போய்வருகிறார். அதற்கு மேல் இல்லை.

இன்று டீ கலக்கும்போது பார்த்தேன். சர்க்கரை டப்பா மேல் கை வைத்தார். அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் முறைத்தேன். அதற்கப்புறம் கையை எடுத்தார்.

அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கேஷியரம்மா பார்த்தது. வாண்டு பார்த்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இந்த மனிதரின் பிரேக் மேல் என் கால் இருக்கிறது. பயம்தான். ஒருமுறை எமன் வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தவரை எப்படி விடுவது?

ஆனால் நாய்க்குச் செய்ததை இவருக்குச் செய்யாவிட்டால் எப்படி. நாளை முதல் எழுப்பமாட்டேன்.

டிசம்பர் 28

போகவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 29

போகவில்லை. நாக்கைக் கடித்துக் கடித்து எனக்கே ஒரு கசப்பு மருந்து தேவைப்படும் போலிருக்கிறது.

டிசம்பர் 31

வாண்டு கதவை நகத்தால் பிறாண்டினான். "இருடா" என்று இவர் குரல் கேட்டது. அதற்குள் எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. போனாரா தெரியாது.

ஜனவரி 3

கேஷியரம்மாவோடு மார்க்கெட் பக்கம். கடைகள் இன்னும் திறக்கவில்லை, பனி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் வெள்ளைக் கோடு போட்ட இடம். ஓரத்தில் யாரோ ஒரு ஆளும் நாயும் கடப்பதற்கு நின்றிருந்தார்கள். கார் வேகம் குறைந்து, அதற்கு முன்னால் பதமாக நின்றது.

அப்புறம்தான் கவனித்தேன், நிறுத்தியது நான் இல்லை. என் கால் இரண்டும் பிரேக்கை விட்டுத் தள்ளி, கீழே விரிப்பின் மேல் இருந்தன.

அதற்கும் அப்புறம்தான் அந்த ஆளைப் பார்த்தேன். வீட்டிலிருந்து இவ்வளவு தூரமா? மஃப்ளர் சரியாகச் சுற்றவில்லை. வாண்டுவின் நீலக் கோட்டும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. இவர் அவனிடம் ஏதோ விளக்கிச் சொல்லிக்கொண்டே எங்கள் முன்னால் கடந்து போனார், காரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர்தானே? ஹாரன் அடிக்கட்டுமா?" என்றார் கேஷியரம்மா.

"வேணாம். போகட்டும்" என்றேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், காலடியில் வாண்டு. எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. கோட்டு ஆணியில் தொங்கியது. வாரைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை.