நீங்கள் தேய்க்காத டிரம்

பங்காரப்பேட்டை தாண்டியதும் பக்கத்து இருக்கைப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், அத்தை. "இன்னாக்கா, டிபன்ல கருவாடா?" என்று கேட்டாள். என் மடியில் இருந்தது டிபன் இல்லை. நம் வீட்டு டிரம்மிலிருந்து காலையில் எடுத்த பிளாஸ்டிக் பட்டைகள். மூடியை இறுக்கித்தான் போட்டிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பாசி வாடை எப்படியோ வெளியே வந்துவிடுகிறது.

இந்த வாடைக்காக நான் உங்களோடு போட்ட சண்டையை அவளுக்கு எப்படிச் சொல்வது? டிரம்மில் பாசி பிடித்தே ஆக வேண்டும் என்று மருமகள் மாமியாரோடு மல்லுக்கு நின்ற வீடு, ஊரிகம் முழுக்கத் தேடினாலும் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு நூறு தடவை சொன்னதை இன்னொரு தடவை சொல்கிறேன். இப்போதாவது குறுக்கே பேசாமல் கேளுங்கள். தண்ணீரில் இருக்கிற நுண்ணுயிரிகள் பிளாஸ்டிக் சுவரைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் ஒரு பசையைச் சுரந்து அதற்குள் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். விரல் வைத்தால் வழவழவென்று இருக்கிறதே, அது அந்தப் பசைதான். அதற்குள் புகுந்துவிட்டால் மருந்துகூட முழுதாக எட்டாது. அதனால் ஒட்டவே விடக்கூடாது என்பதுதான் என் ஆராய்ச்சி. துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களை, கண்ணுக்கே தெரியாத பொடி அது, பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிசாகப் படிய வைக்கிறோம். அந்தப் பரப்பில் கிருமிக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்காது. பூசிய பட்டை ஒன்று, பூசாத பட்டை ஒன்று, இரண்டையும் ஒரே டிரம்மில் தொங்கவிட வேண்டும். பூசாததில் பாசி பிடிக்க வேண்டும், பூசியதில் பிடிக்கக்கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

"ஒட்டாத பூச்சி எங்கம்மா போவும்? தண்ணியிலதான நீந்திகினு கெடக்கும்?" என்று கேட்டீர்கள். நீந்துவதைக் குளோரின் சுலபமாகக் கொன்றுவிடும், பசைக்குள் பதுங்கியதைத்தான் கொல்வது கஷ்டம் என்றேன். "அப்ப தேச்சுடலாம்ல?" என்றீர்கள். அங்கே பிடித்தது எனக்குச் சனி.

லேபில் எல்லாம் அழகாகத்தான் வந்தது. ஆனால் லேபில் நாங்கள் வைப்பது சுத்தமான தண்ணீர், விடுவது ஒரே வகைக் கிருமி. வீட்டுத் தண்ணீரில் இது நிற்கிறதா என்று காட்டு, காட்டாமல் ஆய்வேட்டைக் கொண்டுவராதே என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். குழாயில் எப்போதோ ஒரு நாள் வருகிற தண்ணீரை டிரம் டிரம்மாகப் பிடித்து வைத்துக் குடிக்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டவள் நான், எனக்கு டிரம்முக்கா பஞ்சம் என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்தேன். டிரம்முக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வீட்டில் நீங்கள் இருந்தீர்கள்.

முதல் தடவை பட்டைகளைத் தொங்கவிட்டு, "அத்தை, அடுத்த வாரம் எங்க சார் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வராரு, இதுல யாரும் கை வைக்கக்கூடாது" என்று சொன்னேன். இன்ஸ்பெக்‌ஷன் என்ற சொல்லை நான் வாயிலேயே எடுத்திருக்கக்கூடாது. தங்கச் சுரங்கம், உங்கள் வாயில் மைன்ஸ், ஓடிய காலத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தொட்டி, குடம், வாசல், சாக்கடை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிவிட்டு, தலையை வாரிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும் என்று வளர்ந்தவர் நீங்கள். மைன்ஸை மூடிவிட்டார்கள். உங்களுக்குள் இருந்த இன்ஸ்பெக்டர் மட்டும் ரிட்டயர் ஆகவே இல்லை.

பேராசிரியரை அழைத்துவந்து மூடியைத் திறந்தேன். பூசிய பட்டை பளபள. பூசாத பட்டை அதைவிடப் பளபள. நீங்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து, "தேங்கா நாரு போட்டு ரெண்டு பக்கமும் நல்லா தேச்சுட்டேன் சார். இந்த லைன்லயே எங்க வூட்டு டிரம்முதான் சுத்தம்" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. மனுஷர் நீங்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் ஆரம்பித்தோம்.

"கை வைக்காதீங்கன்னு சொன்னேன்ல அத்தை?"

"இன்ஸ்பெக்‌ஷன்னு சொன்னியே?"

"அழுக்க பாக்கத்தான் அவரு வராரு!"

"அழுக்க பாக்கறதுக்கு பெங்களூர்லருந்து வரணுமா? இன்னா படிப்புடி படிக்கிற நீ?"

உங்கள் மகன் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த ஸ்டேஷன் கோரமண்டல் வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோதும் நாம் அதே இடத்தில்தான் நின்றிருந்தோம்.

அடுத்த தடவை கயிற்றில் சிவப்புத் துணியெல்லாம் கட்டி எச்சரித்துவிட்டுப் போனேன். நீங்களும் தேய்க்கவில்லை, வாஸ்தவம். பட்டைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, டிரம்மை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, பட்டைகளை அந்த பிளீச்சிங் தண்ணீரிலேயே ஒரு முக்கு முக்கித் திரும்பத் தொங்கவிட்டிருந்தீர்கள். "கயிறத்தான் புடிச்சேன். உம்பட்டைய தொட்டனான்னு உம்புருஷன கேளு" என்று சாதித்தீர்கள். சரி, இந்த வீடே வேண்டாம் என்று பக்கத்து வீட்டில் சொல்லி அவர்கள் டிரம்மில் தொங்கவிட்டால், அங்கேயும் போய்த் தேய்த்துவிட்டு வந்தீர்கள். "அவ வூட்டு டிரம்மு நாறினா கெட்ட பேரு உனக்குத்தான வரும்?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆய்வேட்டுக்குக் கொடுத்த கெடு ஓடிக்கொண்டிருந்தது. பேராசிரியர் வேறு, உங்கள் மாமியார் எப்படி இருக்கிறார் என்று தினமும் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.

இதில் குழாயடியில் உங்கள் பேச்சு என்ன? "எம்மருமக தண்ணி டாக்டரு. பாசியே புடிக்காத டிரம்மு கண்டுபுடிக்கப் போறா, பாத்துகினே இருங்க." மாரிகுப்பத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் வரைக்கும் சொல்லி வைத்திருந்தீர்கள். வெளியே போய் இப்படிப் பீற்றிக்கொள்வது, உள்ளே வந்ததும் தேங்காய் நாரைத் தேடுவது. உங்களை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு நாய் படாது அத்தை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கெஞ்சினேன். "ஒரே ஒரு வாரம் விட்டுப் பாருங்க. என்னுது தேய்க்காமயே சுத்தமா இருக்கும்."

"தேய்க்காம எதுடி சுத்தமா இருக்கும்? கண்ணால காட்டு, நம்பறேன்."

"காட்டறதுக்குத்தான் நீங்க விட மாட்டேன்றீங்களே!"

"நீ காட்டு, அப்பறம் விடறேன்."



குளிர் ஆரம்பித்த வாரத்தில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். மார்ச்சளி கட்டிக்கொண்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கும்போதும், "தண்ணி வந்துச்சா? டிரம்ம கழுவினியா?" என்றுதான் கேட்டீர்கள். கழுவியாச்சு என்றேன். "நீ கழுவி கிழிச்ச" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது. வேறு நல்ல வார்த்தையே உங்களுக்குக் கிடைக்கவில்லையா?

புத்த விகாரையில் உங்களுக்காகப் பஞ்சசீலம் சொல்லி, வந்தவர்களெல்லாம் போன பிறகு, பட்டைகளை மறுபடியும் தொங்கவிட்டேன். யாரையும் எச்சரிக்கவில்லை. சிவப்புத் துணியும் கட்டவில்லை.

இன்று காலையில் எடுத்தேன். பூசாத பட்டை முழுக்கப் பழுப்பும் பச்சையுமாகப் பாசி, சொட்டும்போது நூல் நூலாக இழுத்தது. பூசிய பட்டையில் கயிறு கோத்த ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும் லேசாக ஏதோ இருந்தது. மற்ற இடமெல்லாம் போட்டபடியே இருந்தது அத்தை. தேய்க்காமலே. இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி, "அத்தை, இங்க வாங்க! வந்து பாருங்க!" என்று கத்தியேவிட்டேன்.

வாயில் பிரஷ்ஷோடு உங்கள் மகன்தான் வந்தார். இரண்டு பட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். நுரையைத் துப்பிவிட்டு, "அம்மா இருந்திருந்தா பாத்திருக்கும்" என்றார்.

"இருந்திருந்தா தேச்சிருப்பாங்க" என்றேன்.

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். முடியாமல் போய் முகத்தைக் கழுவினார்.

பட்டைகளை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, டிரம்மைக் காலி செய்து, தலையை உள்ளே விட்டு உங்கள் நாராலேயே அடிவரைக்கும் தேய்த்தேன். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, கை தானாகப் போனது. ஜாக்கெட் கை நனைந்து, ரயிலுக்கு நேரமாகி, ஸ்டேஷன் வரைக்கும் உங்களைத் திட்டிக்கொண்டேதான் ஓடிவந்தேன்.

இதோ, டப்பா என் மடியில் இருக்கிறது. பேராசிரியர் பார்த்துவிட்டுச் சரி என்பார், பட்டமும் கொடுப்பார்கள். குழாயடியில் சொல்லத்தான் ஆள் இல்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது. கை வைக்காதீர்கள், கை வைக்காதீர்கள் என்று கத்தினேனே தவிர, நான் கேட்டது ஒரே ஒரு வாரம்தானே அத்தை, ஒரேயடியாகக் கையை எடுத்துக்கொள்ளவா சொன்னேன்?