ஈயத்தைப் பிடித்த பொடி

என்னங்க,

இனி வார்டுக்குள் யாரையும் விடமாட்டார்களாம். நர்ஸம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"என் முகத்தையே பாத்துட்டு உக்காராத, போய் உன் பொடியப் பாரு" என்று காலையில் விரட்டினீர்களே, போனேன். பொடி தண்ணீரிலிருந்த ஈயத்தைப் பிடித்துவிட்டது! சிலிக்காப் பொடியின் நுண்துளைகளுக்குள் ஈயத்தைப் பற்றும் மூலக்கூறுகளை நெருக்கியடித்து ஒட்டி, இத்தனை நாளும் வழியையே அடைத்திருக்கிறோம். இந்தமுறை அந்த மூலக்கூறுகளைப் பாதியாகக் குறைத்தேன். வடிந்த தண்ணீரில் ஈயத்தின் தடயமே இல்லை.

எங்கள் ஆய்வக இயக்குநர் குதிக்காத குறைதான். "நாளைக்கே எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டும்மா."

"நாளைக்கு முடியாது சார்."

"இதைவிட அப்படியென்ன பெரிய வேலை?"

நாளைக்கு உங்கள் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டாக்டர் நன்றாகத்தான் பேசினார். கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார். சரி, அதை விடுங்கள்.

மயக்கம் தெளிந்ததும், "பொடி என்னாச்சு?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேளுங்கள். முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

வாசலைவிட்டு நகராத,
உங்கள் மனைவி