வெயிலுக்குக் கட்டிய விரிப்புகள்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை அம்மா அங்கிருந்து போனில் கூப்பிட்டபோது, அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்திருப்பதை நான் சொல்லவில்லை. நேற்று அடித்த மழையில் மாடியில் என்னென்ன விழுந்தது என்று கேட்டாள். கொடிப் பந்தல் சாய்ந்தது, ரோஜாத் தொட்டிகள் உருண்டன, தக்காளியில் ஒன்றுகூட நிற்கவில்லை என்றெல்லாம் சொன்னேன். பந்தலின் இரும்புக் குழாய் யார் மேல் விழுந்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் பேசி முடிக்கும்வரை அப்பா எதிரே நாற்காலியில், மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, இடது கை விரலை உதட்டில் வைத்து மூச்சு விடாதே என்று ஜாடை காட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

இதை உன் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். போனில் சொன்னால் உனக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் அம்மா ஒரு நிமிஷத்தில் கறந்துவிடுவாள். குட்டிக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா? அத்தானுக்கு வெயிலில் அலைகிற வேலை. தொப்பி இல்லாமல் போகவிடாதே.

அம்மா குட்டியைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள் என்று உன் மாமியார் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாய். நல்லதுதான். ஆனால் நடந்தது உனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். வெயில் ஏற ஆரம்பித்த வாரம் அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டாள். எனக்கு அச்சகத்தில் பிழை திருத்த வேண்டிய படிகள் மலையாகக் கிடந்ததால் விடிந்து போய் இருட்டித்தான் வருவேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்படி அம்மா அப்பாவிடம் சொல்லியிருந்தாள். "சரி சரி" என்றவர் செய்தித்தாளோடு இருந்துவிட்டார். காய்ச்சல் விட்டு அவள் மாடி ஏறியபோது டிரம்மில் இருந்த எலுமிச்சை விறகாக நின்றது. நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் விதை போட்டு எழுப்பிய மரம். அப்பா பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு, "செடிதானே, வேற வாங்கிக்கலாம்" என்றாராம். அம்மா சண்டை போடவில்லை. கீழே இறங்கி வந்து பெட்டியை எடுத்தாள்.

இந்தத் தெருவில் பாதி வாசல்களில் நிற்பவை அவள் பதியன் போட்டுக் கொடுத்தவை. அவள் பேரையே மறந்து செடியம்மா என்று கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவளிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னோமே என்று அப்பாவுக்கு உறைக்க ஒரு வாரம் ஆயிற்று. உறைத்ததும் நேரே மாடிக்குப் போனார். அவ வர்றவரைக்கும் இதுல ஒண்ணுகூடப் போகக் கூடாது, எல்லாம் உசிரோட இருந்தா வருவா என்று என்னிடம் சொன்னார். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் சொல்லவில்லை.

அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. முப்பது வருஷமாக டிரைவிங் கற்றுக்கொடுத்தவர். பிறர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து தன் காலுக்கடியில் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டே வாழ்ந்தவர். செடியிடமும் அதே அவசரம்தான். முதல் நாளே நட்டநடு மத்தியானத்தில் குழாயைத் திருப்பினார். மொட்டை மாடியில் காலையிலிருந்து சுருண்டு கிடந்த ரப்பர் குழாய். உள்ளே நின்ற தண்ணீர் கொதிநீராகியிருக்கிறது. புதினாத் தொட்டி முழுக்க வெந்துபோனது. வாசனை மட்டும் வீடு முழுக்க வந்தது.

அடுத்தது தக்காளி. மத்தியானம் இலை தொங்குவதைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது. வாளி வாளியாக ஊற்றினார். மேலே வெயில் வாட்ட, கீழே பாதிச் செடிகளுக்கு வேர் அழுகிப்போனது.

அதற்குப் பிறகு நான் இடையில் புகுந்தேன். அம்மா தினமும் கூப்பிடுவாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவே மாட்டாள். மல்லி எப்படி இருக்கு, கறிவேப்பிலை துளிர் விட்டிருக்கா என்றுதான் கேட்பாள். நான் என் சந்தேகம் போலக் கேட்பேன். அவள் சொல்வதை அப்படியே அப்பாவிடம் ஒப்பிப்பேன். மத்தியானம் தொங்கினா அது தாகம் இல்லடி, வெயிலுக்குத் தலையைக் குனிஞ்சிக்குது. சாயங்காலமும் நிமிரலைன்னாத்தான் தண்ணி. விடியறதுக்குள்ள ஊத்திடு, தூருல ஊத்து, இலைமேல அடிக்காதே. கருகின இலையைக் கிள்ளிடாதே, கீழ இருக்கிற பச்சைக்கு அதுதான் குடை. இந்தச் சூட்டுல உரம் போட்டா காய்ச்சல்காரனுக்கு விருந்து வைக்கிற மாதிரி. தளம் கொதிக்கும், தொட்டிக்கு அடியில பலகை கொடு.

நான் சொல்லச் சொல்ல அப்பா செய்தார். பழைய கட்டில் ஒன்றை உடைத்துப் பலகை வைத்தார். தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி நிறுத்தினார். சின்னவை நடுவில், பெரியவை ஓரத்தில். தெருவில் உதிர்ந்த காய்ந்த இலைகளைச் சாக்கில் அள்ளி வந்து மண்மேல் மூடினார். ரிட்டயர் ஆன மனுஷர் சாக்கோடு தெருவில் குனிந்து குனிந்து போவதைப் பார்த்துக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா சும்மா இருப்பாளா? மாஸ்டர், செடிக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தாச்சா என்று கேட்டாள். இன்னும் எட்டுப் போடவே வரலம்மா என்று அப்பா சொல்லிவிட்டு வந்தார். அன்றுதான் ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

வெயில் குறையவில்லை. பகல் முழுக்க ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, அச்சகத்துப் படிகளை வீட்டுக்கே வாங்கி வந்து இருட்டில் உட்கார்ந்து திருத்தினேன். வியர்வை விழுந்து காகிதத்தில் மை கரைந்தது. விடிவதற்கு முன் எழுந்து அப்பாவோடு தண்ணீர் சுமப்பது, பிறகு அச்சகத்து வேலை, சாயங்காலம் திரும்பவும் வாளி, அதற்கு நடுவே அம்மாவின் போன். நான் படித்த கதைகளிலெல்லாம் தூது போகிறவர்கள் சேதியைச் சொன்னதும் கதையை விட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் எங்கே போய்ப் படுத்தார்கள் என்று எந்த எழுத்தாளரும் எழுதியதில்லை. எனக்கு இப்போது அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

நிழலுக்கு ஏதாவது கட்டினால்தான் பிழைக்கும் என்று அம்மா சொன்னாள். அப்பா வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகளை எல்லாம் எடுத்துக் கொடிப் பந்தலின் இரும்புக் குழாய்களில் இழுத்துக் கட்டினார். வெள்ளை விரிப்பு, கோடு போட்ட விரிப்பு, உன் கல்யாணத்துக்கு வாங்கிய நீலப் பூ விரிப்பு. மாடியே வண்ணான் துறைபோல ஆனது. ஆனால் அதன் கீழே போய் நின்றால் நிஜமாகவே குளிர்ச்சி. நாலைந்து நாளில் மல்லி மொட்டு வைத்தது. அப்பா அதைப் போட்டோ எடுத்து யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் எனக்கே அனுப்பினார்.

காத்து வந்தா முதல்ல துணியை அவிழ்த்துடணும், இல்லைன்னா கப்பல் பாய் மாதிரி எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயிடும், உசரமான தொட்டியைக் காத்து தள்றதுக்குள்ள நாமே படுக்க வச்சிடணும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதையும் ஒப்பித்தேன். அப்பா கேட்டுக்கொண்டார். எப்படிக் கட்டியிருக்கிறார் என்று நான்தான் பார்க்கவில்லை.

நேற்று மதியத்துக்கு மேல் காற்று அப்படியே நின்றுவிட்டது. ஒரு இலை அசையவில்லை. மேற்கே பென்சிலால் தேய்த்தது போலக் கறுத்தது. என்ன ஏது என்று எழுவதற்குள் புழுதி வந்து ஜன்னலில் அறைந்தது. அப்பா ஏற்கெனவே மாடிப்படியில் இருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது விரிப்புகள் ஊதிப்போய்ப் பந்தலையே தூக்கிக்கொண்டிருந்தன. அப்பா முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்கா, அவர் போட்டிருந்தது ரிப்பேரான காரை இழுத்துப் போவதற்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். அவருக்குத் தெரிந்த நல்ல முடிச்சு அதுதான். அதையே எல்லா மூலையிலும் போட்டு வைத்திருக்கிறார். மின்னல் வெட்டுகிறது, கையில் இரும்புக் குழாய். விடுங்கப்பா, துணிதானே, போனாப் போகுது என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லையா, விழுந்தும் விடவில்லையா தெரியாது. நான் கத்திரிக்கோல் எடுக்கக் கீழே ஓடினேன். திரும்பி வந்தபோது பந்தல் படுத்திருந்தது. அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மழை அப்போதுதான் விழ ஆரம்பித்தது. மண்மேல் மூடியிருந்த இலைகளெல்லாம் மிதந்துபோய் மாடியில் தண்ணீர் வடியும் துளையை அடைத்துக்கொண்டன. கணுக்காலளவு தண்ணீரில் அவரை நடத்திக் கீழே கொண்டுவந்தேன்.

எலும்பு டாக்டர் கட்டுப் போட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார். ஆட்டோவில் திரும்பும்போது அப்பா வாயைத் திறந்தார். அவகிட்டச் சொல்லாதே, கைக்காக வந்தா அது வந்தது ஆகாது என்றார். கட்டை பிரிச்சதும் போயிடுவா, அப்புறம் வரவே மாட்டா என்றும் சொன்னார்.

அதனால்தான் இன்று காலை சொல்லவில்லை. ஆனால் போனை வைக்கிறதுக்கு முன்னால், துணியை யாரு கட்டினது என்று அம்மா கேட்டாள். நான்தான் என்றேன். உனக்கு ஷூ லேஸே கட்டத் தெரியாதேடி என்றாள். குட்டி அழுகிறது என்று வைத்துவிட்டாள். குட்டி அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள்.

நேற்று எழுதியதைத் தபாலில் போடப் போகவில்லை. இப்போது இதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அப்பா உன் ஊருக்குக் கிளம்பிவிட்டார். காலையில் நான் மாடியில் உடைந்த கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தபோது கீழிருந்து கூப்பிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொன்னார். எங்கே என்றேன். பெரியவ வீட்டுக்கு என்றார். எனக்குக் கோபம் வந்தது. கைக்காக அவ வரக்கூடாதுன்னீங்க, இப்போ அதே கையைத் தூக்கிக்கிட்டு நீங்களே போறீங்களே என்றேன். கையைக் காட்டப் போகல, எலுமிச்சைக்கு இன்னும் நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல, அதைச் சொல்லிட்டு வந்துடறேன் என்றார். முன்கூட்டி உனக்குப் போன் பண்ணக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து, இறங்க வேண்டிய இடத்தைக் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன். பஸ் கிளம்பும்போது அவர் கால் பிரேக்கைத் தேடியது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நல்லபடியாகவே முடிந்திருக்கட்டும். அம்மா பேசாவிட்டால் பேசு பேசு என்று அவளை நச்சரிக்காதே. அப்பாவுக்கு இடது கையால் சாப்பிட வராது, ஒரு ஸ்பூன் கொடு. கேட்க மாட்டார், நீயாகக் கொடு. இரண்டு பேரையும் அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதே அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அங்கேயே இருக்கட்டும், எத்தனை நாளானாலும். செடிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன்,
தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பஸ் ஏற்றிவிட்ட இருவரும் நேற்றுப் பிற்பகல் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு அப்பாவின் கை மெலிந்துபோயிருக்கிறது, ஆனால் விரல்கள் மடங்குகின்றன. நீ கொடுத்தனுப்பிய ஊறுகாய் கசியாமல் வந்தது.

அன்று வாசலில் நடந்ததை நீ போனில் சொன்னதிலிருந்து நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கதவைத் திறந்ததும் அம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டு, முடிச்சுப் போட்டது நீங்கதானா என்று மட்டும் கேட்டாளாமே. இரண்டு நாள் கழித்து, சமையலறையில் இருந்த உன் காதில் விழும்படி, எலுமிச்சையை நான் செடிதானேன்னு சொல்லியிருக்கக் கூடாது என்று அப்பா சொன்னதும், அதுக்கு அம்மா, அதுல என்னையும்தான் சொன்னீங்க என்றதும். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை என்றாய். பேசியிருந்தாலும் நமக்குச் சொல்லவா போகிறார்கள்.

மழைக்குப் பிறகு திரும்பவும் வெயில் முன்னைவிட மோசமாக ஏறியதை உனக்கு எழுதவில்லை. வேர் ஆட்டம் கண்ட செடிகள் அதைத் தாங்கவில்லை. என்னால் முடிந்ததைச் செய்தேன். பாதிதான் மிச்சம். மல்லி போய்விட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாரக்கணக்காக வார்த்தை தேடி வைத்திருந்தேன். அவள் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்குப் போனாள். நானும் அப்பாவும் பின்னால் போனோம். காலித் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவைப் பார்த்து, அந்தப் பந்தல் குழாயைத் தூக்கிப் பிடிங்க என்றாள். எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். நான் சொல்ற பக்கம் என்றாள்.

பிறகு என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டாள். நான் கீழே வந்து படுத்தேன். இன்று காலை வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினேன்.

அன்புடன்,
தங்கை