கொடியில் சிவப்புப் போர்வை

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பல் முளைக்கிற காய்ச்சல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். நீங்கள் இருந்தால், "தெர்மாமீட்டரே தேஞ்சுடும்" என்பீர்கள்.

எண்ணெய் தோண்டுகிற உங்கள் ரிக்கை இங்கிருந்து கொண்டுபோகப் போகிறார்களாமே. அதை சப்ளை படகுக்காரர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? மூன்று காலூன்றிக் கடலில் நிற்கிற அவ்வளவு பெரிய இரும்பை எப்படி நகர்த்துவார்கள்? நீங்களும் அதன் மேலேயே போவீர்களா?

கல்யாணமான முதல் வாரம் மொட்டைமாடியில் நின்று, "அதோ, என் ஆபீஸ்" என்று காட்டினீர்களே. அன்று செய்துகொண்டதுதான் அந்த ஏற்பாடு. மாலை ஐந்து மணிக்கு நான் துணிக்கொடியில் சிவப்புப் போர்வையைப் போட வேண்டும். தொலைநோக்கியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்கு டீ. மழையிலும் போட்டேன். "காயவே காயாத போர்வை ஒண்ணு வெச்சிருக்கியே" என்று பக்கத்து வீட்டு அக்கா இன்னும் சிரிக்கிறாள்.

இனி யாருக்குப் போடுவது?

உங்கள்
டீச்சரம்மா


பிப்ரவரி 13

டீச்சருக்கு,

திட்டாதே. சொல்லத் தைரியம் வரவில்லை.

ரிக்கைக் கழற்ற மாட்டார்கள், முழுசாகவே போகும். கடல் அமைதியாக இருக்கும் நாள் பார்த்துக் கால்களை மேலே தூக்குவோம். அவை சேற்றில் புதைந்து கிடக்கின்றன. அடியில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, சேறு இளகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு மூன்று படகுகள், ஆள் நடக்கிற வேகத்தில், பதினோரு நாள் இழுத்துப் போகும். அவசியமான ஆட்கள் மட்டும் மேலே இருப்போம். கால் தூக்குகிற ஜாக்கி என் பொறுப்பு. நான் இல்லாமல் முடியாது.

போய்ச் சேருகிற இடத்தில் மூன்று வருஷ வேலை. துறைமுகத்தின் அருகில் குடும்பத்துக்கு வீடு தருகிறார்கள். வருகிறாயா? உன் அம்மா, பாப்பாவின் டாக்டர், எல்லாம் இங்கேதான் என்று தெரியும். வற்புறுத்த மாட்டேன். வராவிட்டால் வருஷத்துக்கு இரண்டு முறை வந்து போவேன். பாப்பா என்னை மாமா என்று கூப்பிடுவாள்.

உன்
கடைசி பெஞ்ச்


பிப்ரவரி 18

பாப்பா அப்பாவுக்கு,

கால்கள் மேலே வரும் என்று எழுதினீர்கள். முதலில் தளம் தண்ணீருக்கு இறங்கும் என்று எழுதினீர்களா? காலையில் துணி உலர்த்தப் போனால், ரிக் கொஞ்சம் கொஞ்சமாக முழுகுகிறது. பாப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் கரையில் இருக்கிற உங்கள் கம்பெனி ஆபீசுக்கு ஓடினேன். அங்கே ஒரு பெரியவர் தண்ணீர் கொடுத்து, "முழுகலம்மா, மிதக்க இறங்குது. மிதந்தாத்தானே காலை உருவ முடியும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இன்னும் எழுத வரவில்லை. சேறு இளகக் காத்திருக்கிறீர்களே, எனக்கும் அவ்வளவு பொறுங்கள்.

டீச்சரம்மா


பிப்ரவரி 22

டீச்சருக்கு,

துணைக்கு வந்த படகு ஒன்று இங்கிருந்து திரும்புகிறது. அதில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று ஐந்து மணிக்குக் கிளம்பினோம். தொலைநோக்கியில் நம் மாடியைப் பார்த்தேன். கொடி காலி. கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன். "கரையில எதையாவது விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேப்டன் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

உன் பதில் புரிந்தது. கோபமில்லை. என் பழைய நீலச் சட்டையை, பாப்பா தூங்கும்போது பக்கத்தில் போட்டு வை. வாசனையாவது பழகட்டும்.

உன்
கடைசி பெஞ்ச்


பிப்ரவரி 25

அசட்டுப் பாப்பா அப்பாவுக்கு,

இதை உங்கள் புதுத் துறைமுகத்துக்கு அனுப்பிவைப்பதாக ஆபீஸ் பெரியவர் ஏற்றுக்கொண்டார். நீங்கள் நடந்து போய்ச் சேருவதற்குள் இது அங்கே போய்விடுமாம்.

நீங்கள் கிளம்பிய அன்று போர்வையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. இன்றைக்குப் போட்டால் அது உங்களை வழியனுப்புவதாகிவிடும். கீழே வந்து மடித்து, பெட்டிக்கு அடியில் வைத்தேன். அதன்மேல் பாப்பாவின் துணிகள், உங்கள் நீலச் சட்டை. அப்புறம்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்களே என்று உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்று கால்களும் வானத்தில் நிற்க, ரிக் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. பாப்பாவின் கையைப் பிடித்து ஆட்டினேன்.

உங்களிடம் வருகிறேன் என்றதும் அம்மா இரண்டு நாள் சண்டை போட்டாள். மூன்றாம் நாள் உட்கார்ந்து பாப்பாவின் மருந்து பாட்டில்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினாள்.

அந்த வீட்டில் மாடி உண்டா? கடல் தெரியுமா? கொடிக்குக் கயிறு வாங்க வேண்டாம், இங்கிருந்து அவிழ்த்துக்கொண்டு வருகிறேன்.

உங்கள்
டீச்சரம்மா